வாரன்டிக்குப் போய்வந்த துப்பாக்கி

என் வீட்டுக்காரர் மாத்ஃபி என் அண்ணனைச் சுடப் பார்த்தார் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. எங்கள் அலாஸ்கா ஊரில் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். நீராவிக் குளியலுக்கு நெருப்புப் போட்டால் முன்பெல்லாம் ஐந்தாறு ஆண்கள் துண்டோடு வந்து நிற்பார்கள். இந்தக் குளிர்காலத்தில் மாத்ஃபி தனியாகக் குளித்துவிட்டுத் தனியாக வந்தார்.

நடந்தது இதுதான். ஆறு நன்றாக உறைந்த பிறகு அவரும் என் அண்ணன் சகாரும் பனிக்கோழி அடிக்க அக்கரைக்குப் போனார்கள். மாத்ஃபியிடம் இருந்தது பாயிண்ட் டூ டூ துப்பாக்கி. சுட்டவுடன் வெற்றுக் கூட்டைத் தானே துப்பிவிட்டு அடுத்த தோட்டாவையும் தானே உள்ளே தள்ளிக்கொள்ளும் ரகம். முதல் கோழி விழுந்தது. அதை எடுக்க அண்ணன் சரிவில் இறங்கினான். துப்பாக்கியோ அடுத்த தோட்டாவை ஏற்றாமல் பாதியில் நின்றுவிட்டது. இவர் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் பிடியைப் பின்னால் இழுத்து விட்டார். அது டப்பென்று மூடியது, மூடின வேகத்திலேயே வெடித்தது. குண்டு அண்ணனுடைய பார்க்கா அங்கியின் தலைமுக்காட்டில் புகுந்து ஓநாய் ரோமத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. காது தப்பியது கடவுள் புண்ணியம்.

"விசையில விரலே வைக்கல மச்சான்," என்று இவர் சொன்னாராம். அண்ணன் கோழியைக் கொண்டுவந்து பனிவண்டியில் போட்டான், வீட்டுக்கு வந்தான், கதவைச் சாத்தினான். மறுநாள் என் அண்ணி ஃபியோதோரா கிழிந்த முக்காட்டை என் மடியில் வைத்துவிட்டு, "தைக்க ஊசி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவள் வீட்டில் ஊசிக்கா பஞ்சம்? காட்டத்தான் கொண்டுவந்தாள்.

எங்களிடத்தில் மச்சான் மாப்பிள்ளை என்றால் கிண்டல்தான் மரியாதை. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டதில்லை. "என் தங்கச்சியைக் கட்டினதால பொழச்சே, இல்லேன்னா உன் சமையலைத் தின்னே செத்திருப்பே" என்பான் அவன். "உன் தங்கச்சி சமைக்கிறதைத் தின்னுட்டுத்தான் சாகப் போறேன்" என்பார் இவர். நடுவில் மாட்டிக்கொண்டு மிதிபடுவது என் சமையல். எரிச்சல் எரிச்சலாக வரும். அந்தக் கிண்டல் நின்ற பிறகுதான், அது இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. தபால் வாங்கும் இடத்தில் எதிர்ப்பட்டால் என் அண்ணன் இவருக்கு மரியாதையாகத் தலையசைத்தான். தலையசைப்பு! அதற்குக் காறித் துப்பியிருக்கலாம்.

அதைவிட என்னை வாட்டியது வேறு. இவர் சாப்பிட உட்கார்ந்தால் வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவாட்டுத் துண்டை ஸீல் எண்ணெயில் தோய்த்து வாய்வரை கொண்டு போவார், கை அப்படியே நின்றுவிடும். 

"ஒருவேளை விரல் இருந்திருக்குமோ ஒலிங்கா?"

"இல்லேன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப நினைச்சா தெரியல. குளிர்ல விரல் மரத்திருந்துச்சு. மரத்த விரல் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு ஒருநாள் துப்பாக்கியை யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். வசந்தத்தில் ஐஸ் உடைந்தால் ஸீல் வேட்டைக்குக் கடலுக்குப் போக வேண்டும், படகுக்கு இரண்டு ஆள் வேண்டும், இவருக்கு எப்போதும் இன்னொரு ஆள் என் அண்ணன்தான். "நான் போகல. தன் கையையே நம்பாதவன் இன்னொருத்தனைப் படகுல ஏத்தக் கூடாது" என்றார். வேட்டைக்குப் போகாத மாத்ஃபியை நான் என்ன செய்வது? சுவரில் மாட்டி வைப்பதா?

"துப்பாக்கிக்கு வாரன்டி இருக்கா இல்லையா?" என்றேன்.

"இருக்கும்."

"அப்போ விரலைப் பார்க்கிறதை விட்டுட்டு அதைக் கம்பெனிக்கு அனுப்புங்க. குறை அதுலயா உங்க கிட்டயான்னு அவங்க சொல்லட்டும்."

அனுப்பினோம். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே எதுவும் இல்லை என்று மூன்று தடவை பார்த்து, பழைய பார்க்காவில் சுற்றி நீளப் பெட்டியில் வைத்தார். பனிமூட்டத்தில் விமானம் வராமல் பெட்டி தபாலிலேயே கிடந்தது. போவதற்கு அவ்வளவு நாள், வருவதற்கு அதைவிட அதிகம். அதுவரை இவர் வலை பின்னினார், வண்டியின் பெல்ட்டை மாற்றினார், ஒரு நாற்காலிக்குக் கால் போட்டார். பேச்சு மட்டும் கிடையாது. அலுத்துப்போய் நானே இரண்டு பேர் பேச்சையும் பேசினேன்.

துப்பாக்கி திரும்பி வந்தபோது கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சோதித்தோம், சுத்தம் செய்தோம், சுட்டுப் பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை. இவர் அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"சரி. அப்போ என் விரல்தான்," என்றார். ரொம்ப அமைதியாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. போனை எடுத்தேன். லைன் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை ஒரு பெண் கிடைத்தாள். தேன் ஒழுகும் குரல். குறை இல்லை என்றால் சந்தோஷம்தானே அம்மா என்றாள்.

"சந்தோஷமா? என் புருஷன் சாப்பிட்டுக் குளிர்காலம் பூரா ஆச்சு. உங்க சீட்டை அவர் தின்ன மாட்டார். அதைக் கையில பிடிச்சுப் பிரிச்ச ஆளு யாரோ, அவரைக் கூப்பிடும்மா."

என் குரலில் என்ன கேட்டதோ, கூப்பிட்டுவிட்டாள். வந்த ஆள் நிதானமானவர். அவர் பேசுவது இவருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அலாஸ்காவுல இருந்து வந்ததா? ஞாபகம் இருக்கும்மா. உள்ளே எண்ணெய் பாகு மாதிரி பிடிச்சிருந்துச்சு. தோட்டாவை அடிக்கிற ஊசி ஓடுற பள்ளம் முழுக்க அதுதான். எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டோம். அப்புறம் நல்லா வேலை செஞ்சுது."

"கழுவுறதுக்கு முன்னாடி சுட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். அப்பவும் ஒண்ணும் இல்ல."

"குளிர்ல வச்சுப் பார்த்தீங்களா?"

"எங்க கிட்ட குளிர் இல்லம்மா. இங்க நாங்க ஏசி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்."

"குளிர்ல அந்தப் பாகு என்ன ஆகும்?"

"கெட்டியாகும். சுட்ட ஊசி பின்னாடி வர முடியாம நீட்டிக்கிட்டே நின்னுடலாம். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு விளிம்புல இடிச்சாலே போதும், வெடிச்சிடும். ஊசி நீட்டிக்கிட்டிருக்கும்போது போல்ட் வேகமா மூடினா, விசையைத் தொடாமலேயே வெடிக்கலாம். நடக்கக் கூடியதுதான். எங்க கண் முன்னாடி நடக்கல, அதனால எழுதல."

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. "கேட்டீங்களா? கேட்டீங்களா?"

"நான் எண்ணெயே விடறதில்லையே," என்றார் மாத்ஃபி. "குளிருக்கு முன்னாடி வெள்ளைப் பெட்ரோல்ல கழுவி, காய வச்சு, அப்படியே உலர்வாத்தானே வைப்பேன். எண்ணெய் எப்படி..."

அங்கே நிறுத்திவிட்டார். முகம் மாறியது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு விட்டது?"

"விடு ஒலிங்கா."

"யாருன்னு கேட்டேன்."

வாயைப் பிடுங்க வேண்டியிருந்தது. இலையுதிர்காலத்தில் மூஸ் மான் வேட்டைக்குப் போனபோது, வழியில் கோழி அடித்துச் சமைக்க என் அண்ணன்தான் இந்தத் துப்பாக்கியை இரவல் வாங்கிப் போயிருக்கிறான். மழையில் நனைந்துவிட்டதாம். இரவல் பொருளை வாங்கினதைவிட நல்லபடியாகத் திருப்ப வேண்டும் என்று எங்கள் அம்மா எங்களை அடித்து வளர்த்தாள். அவன் அப்படியே துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து, "குளிருக்குத் தயாரா சுத்தம் பண்ணிட்டேன் மாப்ளே, தொடவே வேண்டாம்" என்று கொடுத்திருக்கிறான்.

"நீங்க பிரிச்சுப் பார்க்கலையா?"

"எப்படிப் பார்க்கிறது? மச்சான் சுத்தம் பண்ணிட்டேன்னு குடுத்ததைத் திரும்பக் கழுவினா, உன் வேலையை நான் நம்பலேன்னு ஆகாதா?"

அடக் கடவுளே. ஒருவன் மரியாதைக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறான், இன்னொருவர் மரியாதைக்கு அதைத் தொடாமல் வைத்திருக்கிறார். இரண்டு மரியாதையும் சேர்ந்து ஒரு மனிதனின் காதோரம் போய்விட்டு வந்திருக்கிறது.

"நான் இப்பவே போய் அண்ணன்கிட்ட..."

"வேண்டாம்." என் கையைப் பிடித்தார். "நான் சுட்டேன்னே இருக்கட்டும். தான் விட்ட எண்ணெய்தான் தன்னைக் கொல்லப் பார்த்துச்சுன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். அவன் சாதாரணமாவே ரோஷக்காரன்."

"நீங்க தாங்குவீங்களோ? விரலைப் பார்த்துக்கிட்டே கிழவனாகப் போறீங்களா? உங்க நல்ல மனசைத் தூக்கி அடுப்புல போடுங்க!"

சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லவும் இல்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன், அவ்வளவுதான்.

சகார் வலையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். ஃபியோதோரா தேநீர் ஊற்றினாள்.

"அண்ணே, இது வாரன்டியில இருந்து வந்திருக்கு. நல்லா கழுவி அனுப்பிட்டாங்க. இதுக்கு எண்ணெய் விட்டுக் குடு. அன்னிக்கு மூஸ் வேட்டை முடிஞ்சு விட்டியே, அதே மாதிரி."

"உன் புருஷன் விடமாட்டாரா?"

"நான் உன்னைக் கேட்டேன்."

தங்கை கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் அவன். கொட்டகைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தான். மரம் அறுக்கும் ரம்பத்தின் சங்கிலிக்கு ஊற்றுகிற எண்ணெய். கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கும்.

"துப்பாக்கி எண்ணெய் தீர்ந்து போச்சு, அதான் இதை விட்டேன். இது அதைவிட ஒசத்தி," என்று அவனாகவே பேச ஆரம்பித்தான். "ஒட்டினா விடாது. துரு கிட்ட வராது." போல்ட்டைக் கழற்றி, தாராளமாக, கல்யாண விருந்துக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன்.

"ராத்திரி இங்கேயே முகப்புக் கொட்டகையில இருக்கட்டும். உள்ளே எடுத்துட்டுப் போகாதே," என்றேன். "காலையில வர்றேன்."

"உனக்கு என்னடி ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. உங்க ரெண்டு பேருக்கும்தான்."

காலையில் மூக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளும் குளிர். எனக்கு அதைவிட நல்ல வானிலை வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் பனி மதில்போல் குவிந்திருந்த இடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். எதிரே பனி, அதற்குப் பின்னால் கரை மேடு, ஆள் நடமாட்டம் கிடையாது. நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு தடவை சுடு."

சுட்டான். போல்ட் சோம்பேறிபோல் பாதி வந்து நின்றது. அவன் புருவத்தைச் சுருக்கினான்.

"இப்போ கையுறையைப் போடு. அந்தப் பெரிய ரோமக் கையுறை. விசையைத் தொடாதே. பிடியை மட்டும் இழுத்து விடு."

இழுத்து விட்டான். மூடியது. ஒன்றும் ஆகவில்லை.

"என்ன பார்க்கணும்?"

"மறுபடியும் சுடு. மறுபடியும் கையுறை."

சுட்டான். போல்ட் பாதியில் நின்றது. கையுறை மாட்டினான், இழுத்தான், விட்டான்.

டமார்.

எதிரே பனி தெறித்தது. அண்ணனின் வலது கை, கரடிப் பாதம் மாதிரி அந்தக் கையுறைக்குள், பிடிக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. அந்தக் கையுறையோடு விசைக்குள் விரலை நுழைக்கவே முடியாது. அவன் கையைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான். மெதுவாக மேகசினைக் கழற்றினான், தோட்டா அறையைத் திறந்து காலி செய்தான். அதன்பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எண்ணெயா?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேனே, பேசவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்து இமையிலேயே உறைந்தது. அதுவே பதிலாகப் போயிற்று.

"என் எண்ணெய்," என்றான். "மாப்ளேக்குத் தெரியுமா?"

"நேத்துதான் தெரிஞ்சுது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

அண்ணன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய ஆள், பொத்தென்று. "குளிர்காலம் பூரா அந்த ஆளு கண்ணைப் பார்க்காம திரிஞ்சேனே ஒலிங்கா. விரல் இல்ல மச்சான்னு சொன்னாரே. ஒரு வார்த்தை நம்பினேன்னு சொல்லலையே நான்." அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பின்புறம் உறைய ஆரம்பிக்கவே இரண்டு பேரும் எழுந்தோம்.

எங்கள் வீட்டுக் கதவை அவன் தட்டவில்லை. பழையபடி நேராக உள்ளே வந்தான். மாத்ஃபி பைலட் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார், பார்த்ததும் எழுந்து நின்றார். சகார் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ளே, அந்த விரலைக் காட்டு."

இவர் காட்டினார், ஆஸ்பத்திரியில் காட்டுவதுபோல. அண்ணன் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கா நான் பயந்து செத்தேன்? இது மூக்கைக்கூட ஒழுங்காச் சொறியாதே."

மாத்ஃபி என்னைப் பார்த்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லல, சத்தியமா" என்றேன். அது உண்மைதான், கிட்டத்தட்ட.

"கையுறை போட்டுக்கிட்டு விட்டேன், வெடிச்சுது," என்றான் அண்ணன். "உன் விரல் இல்ல மாப்ளே. நான் ஊத்தின சங்கிலி எண்ணெய்."

இவர் நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு மூச்சு விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை மூச்சையும் எங்கே வைத்திருந்தாரோ மனுஷன்.

"விரல் என்னோடது இல்ல," என்றார் கடைசியில். "ஆனா குழல் உன் பக்கம் திரும்பியிருந்துச்சே மச்சான். அது என்னோடதுதான். அடைப்பெடுக்கும்போது அதை ஆளில்லாத பக்கம் வச்சிருக்கணும்."

"ஆமா, அது உன்னோடதுதான்," என்றான் அண்ணன். "எண்ணெய் என்னோடது. கணக்கு சரியாப் போச்சு."

பிறகு அவன் எழுந்து சுவரோரம் இருந்த ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தான். ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். விருந்தா, சாவா, நாயைக் காணோமா, எல்லாச் சேதியும் அதில்தான்.

"எல்லாரும் கேளுங்க, சகார் பேசறேன். அன்னிக்கு என் தலைமுக்காட்டைச் சுட்டது மாத்ஃபி விரல் இல்ல. நான் துப்பாக்கிக்கு ரம்ப எண்ணெய் ஊத்தினேன், அது உறைஞ்சு தானே வெடிச்சுது. என்னை நானே சுட்டுக்கப் பார்த்திருக்கேன். அவ்வளவுதான் விஷயம்."

அப்புறம் எந்த வீட்டுக் கிழவரோ, "சகாரு, என்கிட்ட இரவல் வாங்கின ரம்பத்துக்கு என்ன ஊத்தினே, துப்பாக்கி எண்ணெயா?" என்றார். ரேடியோவில் ஊரே சிரித்தது. மாத்ஃபியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கருவாடு கேட்டார். வைத்தேன். இன்னும் கேட்டார். "அளவாத் தின்னு மாப்ளே, என் தங்கச்சி சமையல்" என்றான் அண்ணன். வந்த ஆத்திரத்துக்கு அவனுக்கு ஒரு துண்டு அதிகமாக வைத்தேன்.

சாப்பிட்டபின் இரண்டு பேரும் முகப்புக் கொட்டகையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளைப் பெட்ரோலில் அந்தப் பாகை எல்லாம் கழுவி எடுத்தார்கள். ஊசியை விரலால் அமுக்கினார்கள், அது சட்டென்று பின்னால் வந்தது. அமுக்கினார்கள், வந்தது. சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெட்ரோல் வாடையில் தலைவலி, ஆனாலும் உள்ளே போக மனசில்லை.

மறுநாள் விடிந்ததும் பனிக்கோழிக்குக் கிளம்பினார்கள். வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். நான் ஜன்னலோரம் நின்றேன். வெளியே மாத்ஃபி, "நீ என் பின்னாடி வா மச்சான், எனக்கு அதுதான் நிம்மதி" என்பது கேட்டது.

"போடா. இத்தனை நாள் உன் முதுகைப் பார்த்தாச்சு," என்றான் அண்ணன். "நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

இவர் துப்பாக்கியின் முனையை வானத்துக்கு உயர்த்தித் தோளில் மாட்டிக்கொண்டார். என் அண்ணன் ஒட்டுப்போட்ட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். ஆற்றைத் தாண்டி அக்கரைப் புதர்கள் வரைக்கும் போனார்கள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.